செம்பில் இருந்த பெயர்

தம்பி,

நீ இதைப் படிக்கும்போது அரூரில் இருப்பாய். பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்து உதறியிருப்பாய், அடியிலிருந்து இந்தக் காகிதம் விழுந்திருக்கும். நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நேரில் சொன்னால் பாதியில் நீ சிரித்துவிடுவாய், மீதியை உன் அம்மா திருத்த ஆரம்பித்துவிடுவாள், நான் சொல்ல வந்தது கடைசிவரை வெளியே வராது. நாலாவது வரை படித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக உட்காரப் போகிறவனுக்கு இதைவிடக் கோணலான எழுத்தெல்லாம் தினமும் வரும். அப்பன் எழுத்திலேயே பழகிக்கொள்.

உன் மேஜைக்கு வரப்போகிற மனுக்களில் ஒரு வகை உண்டு. சேலம் பெரியாஸ்பத்திரியில் காசு கட்டாமல் படுத்து வைத்தியம் பார்த்துக்கொள்ள, 'இந்த ஆள் வசதியில்லாதவர்' என்று சர்க்கார் எழுதித் தரும் சர்டிபிகேட்டுக்கான மனு. அதைக் கொண்டுவருகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஏனென்றால் ஒருமுறை நம் வீட்டிலிருந்தும் அந்த மனு போயிற்று. உனக்கு அப்போது ஆறு வயது. முற்றம் நிறைய மாடுகள் நின்றதும், உன் அத்தை தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நின்றதும் உனக்கு ஞாபகம் இருக்கிறது. அத்தையைப் பெண் பார்க்க வந்த நாள் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறாய். அன்றைக்கு யாரும் பெண் பார்க்க வரவில்லை, தம்பி. நாம் எவ்வளவு ஏழை என்று பார்க்க வந்தார்கள்.

உன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. முதலில் சூடு என்று சொல்லி வெந்தயம் கொடுத்தோம். பிறகு மந்திரித்துப் பார்த்தோம். களி கிண்டிக்கொண்டிருப்பவள் துடுப்பைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு கீழே உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. எதிர்வீட்டு மாதையன் வண்டியில் போட்டுத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சேலத்துல ஆபரேசன் பண்ணணும். ஒரு மாசத்துக்கு மேல தள்ளிப் போட்டா உசுருக்கு நான் பொறுப்பில்ல. அங்க காசு கட்டிப் படுக்கிற வார்டு ஒண்ணு இருக்குது, வசதியில்லாதவங்களுக்குச் சர்க்கார் செலவுல ஒரு வார்டு இருக்குது. ரெண்டாவதுக்குத் தாலுகாவிலேருந்து சர்டிபிகேட் கொண்டாரணும்" என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அந்த மொத வார்டு எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டேன். அவர் என் சட்டையைப் பார்த்தார். ஓஹோ, ஆள் கொஞ்சம் வசதிதான் போலிருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். அது மாதையன் சட்டை.

உன் அப்பனைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் அந்த நாளில் நான் எவ்வளவு பெரிய வீம்புக்காரன் என்று நீ முழுதாகப் பார்த்ததில்லை. நல்லம்பள்ளிச் சந்தைக்குப் போவதென்றால்கூட இரவல் குடை இல்லாமல் போகமாட்டேன். மழைக்கோ வெயிலுக்கோ அல்ல, கக்கத்தில் இடுக்கிக்கொள்ளத்தான். நம் வீட்டில் மூன்று வேளையும் கேழ்வரகுக் களிதான். ஆனால் யாராவது "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டால் "நெல்லுச் சோறும் நெய்யும்" என்று சொல்லும்படி உன்னைப் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே பழக்கி வைத்திருந்தேன். அம்மா என்று சொல்வதற்கு முன்னால் நீ நெய் என்று சொன்னாய் என்று உன் அம்மா இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள். அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள்.

மனு முதலில் ஊர் மணியக்காரர் வழியாகப் போகவேண்டும். அவர் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தேன். முதல் தடவை மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் தடவை ஒரு கூடை மாங்காயைக் கொண்டுபோய் வைத்து, "வூட்டுல கெடந்து வீணாப் போவுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் தடவை உன் அம்மா வாசல்வரை வந்து, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு எப்படியோ வாயைத் திறந்தேன்.

"வசதி கொஞ்சம் கம்மிங்க" என்றேன்.

"யாருக்கு?"

"ஒருத்தருக்குங்க."

"யாருப்பா அந்த ஒருத்தரு?"

"எங்க வூட்டுலதாங்க."

மணியக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "போன மாரியம்மன் பண்டிகையில, நாலு ஏரு ஓட்டறவன் நானு, எனக்குத்தான் மொதல்ல தீர்த்தம் தரணும்னு பூசாரிகிட்ட மல்லுக்கு நின்னது யாரு?"

"நானுதாங்க."

"அந்த நாலு ஏரும் இப்ப எங்க?"

"ஒரு ஏரு இருக்குதுங்க. அதுக்கு மாடு இல்லீங்க."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நான் எழுதி அனுப்பறேன். ஆனா என் எழுத்தை மட்டும் நம்ப மாட்டாங்க. நீ பேசுன பேச்சு தாலுகாவரைக்கும் போயிருக்குது. வெள்ளிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து வூட்டை நேர்ல பாப்பாரு. இருக்கறதை இருக்கற மாதிரியே காட்டு, அது போதும்" என்றார். கேட்பதற்கு எவ்வளவு சுலபமான வேலை பார்.

வீட்டுக்கு வந்தால் தெருவே காத்திருக்கிறது. மூன்று தடவை மணியக்காரர் வீட்டுக்கு ஏன் நடந்தேன் என்று தெரியாமல் யாருக்கும் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. மாதையன் பெண்சாதி முனியம்மா நேராகவே கேட்டுவிட்டாள், "என்னாங்கண்ணா சமாச்சாரம்?" ஏழைச் சர்டிபிகேட் வாங்கப் போகிறேன் என்று சொல்லவேண்டிய இடம் அது. நான் சொன்னது இதுதான்: "வெள்ளிக்கிழமை ஒரு பெரிய மனுசரு நம்ம வூட்டைப் பாக்க வர்றாரு." அவ்வளவுதான் சொன்னேன். முனியம்மா உன் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை அப்போது கல்யாண வயதில் இருந்தாள். முனியம்மாவின் முகம் மலர்ந்தது. அது எதனால் மலர்ந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தெருவில் உள்ள நல்ல மாடெல்லாம் அந்த வீட்டு முற்றத்துக்கு வந்துவிடும், நல்ல பாத்திரமெல்லாம் அந்த வீட்டு அடுப்படிக்கு வந்துவிடும். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. இன்றைக்கு உன் வீட்டுக்கு என் மாடு, நாளைக்கு என் வீட்டுக்கு உன் மாடு. நம் எருமையை மட்டும் இதுவரை யாரும் ஓட்டிப்போனதில்லை.

வெள்ளிக்கிழமை நான் பெரிய ரோட்டில் போய் நின்று, சைக்கிளில் வந்த இன்ஸ்பெக்டரை அழைத்துக்கொண்டு வந்தேன். ஒல்லியான மனுஷர், ஹேண்டில்பாரில் குடை, கக்கத்தில் நோட்டு. தெருமுனை திரும்பினோம். எனக்கு ஒரு கணம் நம் வீடு எது என்று தெரியவில்லை. முற்றத்தில் மாதையனின் கறவைப் பசு இரண்டு, கொம்புக்கு வர்ணம் பூசிய உழவு மாடு ஒரு ஜோடி, இன்னும் யார் யார் வீட்டு ஆடுகளோ ஐந்தாறு. நம் கொம்பொடிந்த எருமையை மூலையில் தள்ளி, மேலே வைக்கோலைப் போட்டு மறைத்திருந்தார்கள். அது வைக்கோலைத் தின்று தின்று முகத்தை வெளியே கொண்டுவந்திருந்தது. வாசலில் கோலம். உள்ளே பித்தளைக் குடங்கள் அடுக்கடுக்காகப் பளபளக்கின்றன. அத்தை பட்டுச் சேலை கட்டிக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறாள், "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியேண்ணா" என்று என் காதில் சொல்கிறாள். உள் அறையில் பாயில் சுருண்டு கிடந்த உன் அம்மாவின் கழுத்தில் முனியம்மாவின் தங்கச் சங்கிலி. வருகிறவர்கள் கண்ணுக்கு வெறுங்கழுத்துத் தெரியக்கூடாதாம்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திறந்தேன், தம்பி. தெரு முழுக்க நின்றுகொண்டு, என் மானத்தைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த முகங்களுக்கு நடுவில் 'ஏழை' என்ற சொல் என் தொண்டையைத் தாண்டவில்லை. "உக்காருங்க" என்று மட்டும் வந்தது.

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். கேள்விகளை என்னிடம் கேட்டார், பதிலெல்லாம் மாதையன் சொன்னான். மாடு எத்தனை என்று கேட்டால், "மேயப் போனது போக இங்க நிக்கறது இவ்வளவுங்க" என்றான். நிலம் எவ்வளவு என்று கேட்டால், "இங்கிருந்து பாத்தா எது தெரியுதோ அதுங்க" என்றான். இங்கிருந்து பார்த்தால் தொப்பூர் மலை தெரியும். இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்திருக்கிறதே?" என்றார். மாதையனுக்குக் கோபமே வந்துவிட்டது. "யாருங்க அப்படிச் சொன்னது? வேண்டாதவன் எவனோ சொல்லியிருப்பான். இந்த வம்சத்துல சீக்குங்கறதே கெடையாதுங்க" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். உள் அறையில் உன் அம்மா அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அத்தை தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டுவந்து நமஸ்காரம் பண்ணினாள். இன்ஸ்பெக்டர் பதறிப்போய் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு தண்ணீர் கேட்டார். பித்தளைச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிப் பார்த்தார். நம் பக்கத்தில் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் யார் வாங்குகிறார்கள்? "மாதையன் என்று போட்டிருக்கிறது. உங்கள் பெயர் அது இல்லையே?" என்றார். தம்பி, கடவுளே நேரில் வந்து கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது அந்தக் கேள்வி. ஆமாங்க, இது இரவல் செம்புங்க, இங்கே இருப்பதெல்லாம் இரவலுங்க என்று சொல்லிவிட்டால் உன் அம்மா பிழைத்தாள். நான் சொன்னேன், "அது எங்க தாத்தா பேருங்க."

பக்கத்தில் நின்ற மாதையனே ஒரு நிமிஷம் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

நீயும் உன் பங்குக்குச் செய்தாய். இன்ஸ்பெக்டர் கடைசியாக உன்னைக் கூப்பிட்டு, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். "நெல்லுச் சோறும் நெய்யும்" என்றாய் மணிமணியாக. அவர் நோட்டை மூடிவிட்டார். "இவ்வளவு இருக்கிற வீட்டுக்கு நான் எப்படி எழுதுவது? உண்மையிலேயே இல்லாதவர்கள் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? உங்களுக்கு மனசாட்சி வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு சைக்கிளை நோக்கி நடந்தார். டாக்டர் சொன்ன ஒரு மாதத்தில் அப்போது பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெண்சாதியை நானே கொன்றுவிட்டேன் என்று தோன்றியது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன்.

அப்போது உன் அம்மா வந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்றாள். முனியம்மாவின் சங்கிலியைக் கழற்றி முனியம்மா கையிலேயே கொடுத்தாள். "அய்யா, ஒரு நிமிசம் நில்லுங்க. எங்க வூட்டுக்காரரு வாயைக் கேட்டு எழுதாதீங்க. இந்த மாட்டையெல்லாம் அவுத்து வுடச் சொல்லுங்க. எது எந்த வூட்டுக்குப் போவுதுன்னு பாத்துட்டு எழுதுங்க" என்றாள்.

யாரும் அசையவில்லை. அவளே போய்க் குனிய முயன்றாள், முடியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் என் கால் நகர்ந்தது. நானே போய் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டேன். பால் கறக்கும் நேரம். மாதையன் பசு இரண்டும் கன்றுக்குட்டியை நினைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக எதிர்வீட்டுக்குள் போய்விட்டன. வர்ணக் கொம்பு மாடுகள் ஜோடி பிரியாமல் தெருக்கோடிக்கு நடந்தன, எந்த வீட்டு முன்னால் நின்றன என்று இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். ஆடுகள் நாலு பக்கமும் சிதறின. முற்றம் காலியாகிவிட்டது. நம் எருமை மட்டும் வைக்கோலை முதுகில் போட்டுக்கொண்டு அசை போட்டபடி படுத்திருந்தது.

"இதையும் அவிழ்த்துவிடுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதைக் கட்டவே இல்லீங்க. அது எங்களுது" என்றாள் உன் அம்மா.

அப்போது எனக்கு வாய் வந்தது. வந்தது நிற்கவில்லை. அந்தக் குடம் மாதையனுது, இந்தக் குடம் கோடி வீட்டுது, என் தங்கச்சி கட்டியிருக்கிற சேலை முனியம்மாளுது, நான் போட்டிருக்கிற சட்டை என்னுதில்லீங்க, எங்க தாத்தா பேரு மாதையன் இல்லீங்க, எங்க தாத்தாகிட்டச் செம்பே இல்லீங்க, என் பையன் காலையில தின்னது களிங்க, நான் ஏழைங்க, இவளைக் காப்பாத்துங்க என்று தெருவே கேட்கக் கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன் என்று உன் அம்மா பிறகு சொன்னாள். இருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் குனிந்து நோட்டைத் திறந்தார். முகத்தை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதினார், தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திங்கட்கிழமை தாலுகாவுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வராதீர்கள்" என்றார்.

அவர் போன பிறகு மாதையன் வந்தான். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். என் தோளில் கையைப் போட்டு, "ஏம்ப்பா, இதுக்குன்னு முன்னயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உன் எருமையையும் எங்க வூட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருப்பமே" என்றான். உண்மையிலேயே அதைத்தான் செய்திருப்பார்கள். கோலத்தை அழித்திருப்பார்கள், சட்டிபானையைக்கூட எடுத்துப் போய் ஒளித்திருப்பார்கள். மானம் போகாமல் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு உயிரைக் காப்பாற்றத் தெரியாதா? சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை.

சேலம் பஸ்ஸில் தொப்பூர் இறக்கத்தில் உன் அம்மா என் தோளில் சாய்ந்து, "அந்தப் பூசாரிகிட்டயும் ஒருதரம் போயி நாலு ஏரு இல்லைன்னு சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள். வலியில் துடிக்கிறவள் பேசுகிற பேச்சா அது? அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் பிழைத்துக்கொள்வாள் என்று. தேங்காய் அளவு கட்டியை எடுத்தார்கள். சர்க்கார் வார்டில் ஒரு மாதம் இருந்தாள், தினமும் அரிசிச் சோறு போட்டார்கள். திரும்பி வந்தவள் உன்னைக் கூப்பிட்டு, "நான் நெல்லுச் சோறு தின்னேன், நீ என்ன தின்னே?" என்று கேட்டாள். நீ யோசித்துவிட்டு, "களி" என்றாய். அவள் சிரித்துச் சிரித்து, தையல் பிரிந்துவிடப் போகிறதென்று நான் பயந்தேன்.

நீ போகிற ஊருக்குச் சித்தேரி மலையிலிருந்து ஜனங்கள் இறங்கி வருவார்கள். சாமை விதைத்து, தேனும் புளியும் கொண்டுவந்து விற்றுப் பிழைக்கிறவர்கள். வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் உன் மேஜை முன்னால்தான் வந்து நிற்பார்கள். அன்றைக்கென்று பார்த்து அவர்கள் உடம்பில் நல்ல சட்டை இருக்கும். ஆபீசுக்குப் போகிறவன் கிழிசலோடு போகக்கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரன் கழற்றிக் கொடுத்திருப்பான். வசதி இல்லையா என்று நீ கேட்டால், அப்படியொன்றும் இல்லீங்க என்று சொல்லிச் சிரிப்பார்கள். நம்பிவிடாதே. இல்லாதவன்தான் இருக்கிறதென்று சொல்வான். நாலு பேர் காதில் விழும்படிக் கேட்காமல், ஓரமாக அழைத்துப்போய்க் கேள். அப்படியும் வாயில் வராவிட்டால், கூட வந்த பெண்பிள்ளையைக் கேள். அவளும் பேசாவிட்டால் ஒரு நடை நடந்துபோய்ப் பார், மாடு பொய் சொல்லாது. உனக்கு அம்மா என்று கூப்பிட ஒருத்தி இருப்பது ஒரு மனுஷர் திரும்பி நின்று பார்த்ததால்தான். அதை மறந்துவிட்டு அந்த நாற்காலியில் உட்காராதே.

உன் அம்மா வந்துவிட்டாள். கோட்டு விஷயத்தை எழுதினீர்களா என்கிறாள். ஆபீசுக்குப் போகிறவனுக்குக் கோட்டு இல்லாமல் எப்படி என்று நீதான் கேட்டாய். மாதையன் மகன் பட்டாளத்திலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த கோட்டுதான் பெட்டியில் இருக்கிறது. சம்பளம் வந்து சொந்தக் கோட்டு தைக்கிறவரை போட்டுக்கொள். பட்டாளத்தில் எல்லாத் துணியிலும் பெயர் போட்டுவிடுவார்களாம், காலருக்கு உள்பக்கம் அவன் பெயரைச் சிவப்பு நூலில் தைத்திருக்கிறார்கள். பிரித்துவிடலாமா என்று பிளேடை எடுத்தேன், உன் அம்மா கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். அது அப்படியே இருக்கட்டும். யாராவது பார்த்துக் கேட்டால், உன் தாத்தா பெயர் என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா